கத்தி வைக்கும் முன்பே அளவெடுங்கள்: தாடை இழந்தவர்களுக்குப் பல் கட்டும் துறையில் சேர ஒரு வழிகாட்டி

பல் மருத்துவம் முடித்து வெளியே வருபவர்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டே வழிகள். உடனே கிளினிக் போடுவது ஒன்று. மேற்படிப்பு முடித்துவிட்டுக் கிளினிக் போடுவது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. புற்றுநோயாலோ பூஞ்சைத் தொற்றாலோ விபத்தாலோ தாடையின் பெரும்பகுதியை இழந்தவர் மறுபடி சாப்பிடவும் பேசவும் வழி செய்து கொடுக்கும் வேலை அது. பாடப்புத்தகத்தில் ‘மேக்ஸிலோஃபேஷியல் பிராஸ்தோடான்டிக்ஸ்’ என்ற பெயரில் கடைசிப் பக்கங்களில் வரும். தேர்வுக்கு முந்தைய நாள் புரட்டிவிட்டு அத்தோடு மறந்துவிடுபவர்களே அதிகம்.

ஆனால் தேவை சிறியதல்ல. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை நோய் பரவியதே, ஜூன் மாத முடிவுக்குள் நாடு முழுவதும் 40,000க்கு மேற்பட்டவர்களுக்கு அது வந்திருந்தது. அவர்களில் பலருக்கு உயிரைக் காப்பாற்ற மேல்தாடையையே அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. இவை தவிர, இளம் வயதிலேயே வரும் அமெலோபிளாஸ்டோமா போன்ற தாடைக் கட்டிகள், சாலை விபத்துகள், கதிர்வீச்சுக்குப் பின் செத்துப்போகும் தாடை எலும்பு என்று பட்டியல் நீள்கிறது.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிடிஎஸ் மாணவர், எம்டிஎஸ் படிப்பவர், டென்டல் டெக்னீசியன் ஆகிய மூவருக்குமான வழிகாட்டி இது. சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம்: இங்கே வெற்றி தோல்வியில் பெரும்பங்கு அறுவை நடக்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. நோயாளி தையல் பிரித்து, பல் கட்ட வேண்டும் என்று கேட்டு வரும்வரை காத்திருப்பவர் பாதி வாய்ப்பை இழந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்.

வேலை என்ன?

மேல்தாடையில் பாதியை எடுத்துவிட்டால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே சுவர் இல்லை. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறது. சோறு மேலே ஏறிக்கொள்கிறது. பேசினால் காற்றெல்லாம் மூக்கில் போய்விடுவதால் சொல் புரிவதில்லை. கன்னம் உள்வாங்கிவிடுகிறது. இந்த ஓட்டையை அடைக்கும் தகட்டுக்குத்தான் ஆப்டுரேட்டர் என்று பெயர். நோயாளிகள் ‘பிளேட்’ என்பார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே இப்படிப்பட்ட அடைப்பான்களை விவரித்திருக்கிறார்.

கீழ்த்தாடையின் கதை வேறு. ஒரு பக்க எலும்பை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் பாதி, அறுத்த பக்கத்தை நோக்கி இழுபடும். மேல் பல்லும் கீழ் பல்லும் சந்திக்காது. எச்சில் வடியும். வாயில் பற்கள் இருந்தும் மெல்ல முடியாது.

இவற்றைச் சரிசெய்யத் தகடு, பல்செட், இம்பிளான்ட் என்று பல கருவிகள் இருக்கின்றன. கண், மூக்கு, காது இழந்தவர்களுக்குச் சிலிக்கோனில் முக உறுப்பு செய்வதும் இதே துறையின் இன்னொரு கிளை.

நுழைவது எப்படி?

மருத்துவராக வர வேண்டுமானால் பிடிஎஸ் முடித்து, நீட் எம்டிஎஸ் எழுதி, பிராஸ்தோடான்டிக்ஸ் பிரிவில் மூன்றாண்டு எம்டிஎஸ் படிக்க வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் கருவிகளையும் மட்டும் பார்க்காதீர்கள். சீனியர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “வருஷத்துக்கு எத்தனை ஆப்டுரேட்டர் கேஸ் வருது?” புற்றுநோய் அறுவை நடக்கும் பெரிய மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் கல்லூரியில் படித்தால் கேஸ்கள் தாமாக வரும். சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பதை இந்தக் கோணத்தில் பாருங்கள்.

எம்டிஎஸ் முடிந்த பின் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் சில மாதங்களாவது பணியாற்றுவது அவசியம். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் போன்ற இடங்களில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் கூட்டமாக வருகிறார்கள். பயிற்சி இடங்கள் எப்போது திறக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். துறைத் தலைவருக்கு நேரடியாக எழுதிக் கேட்பதுதான் குறுக்குவழி.

டெக்னீசியனாக வருபவர்களுக்கு டென்டல் மெக்கானிக் பட்டயப் படிப்பு இருக்கிறது. வழக்கமான கிரவுன், பிரிட்ஜ் லேபில் நாளெல்லாம் ஒரே மாதிரி வேலை செய்து சலித்தவர்களுக்கு இந்தத் துறை தனி உலகம். இங்கே எந்த இரண்டு வேலையும் ஒன்றுபோல் இருக்காது. சிலை வடிக்கும் கையும் நிறம் பிரித்தறியும் கண்ணும் உள்ளவர் என்றால் சிலிக்கோன் முக உறுப்புப் பக்கம் போகலாம். அந்த வேலைக்குக் கைதேர்ந்தவர்கள் கிடைப்பது அரிது.

முதல் வேலை: அறுவைப் பட்டியலைக் கையில் வாங்குங்கள்

புதிதாகச் சேர்ந்த இடத்தில் முதல் வாரமே செய்ய வேண்டியது, சர்ஜன்களின் அறுவை நாள் பட்டியல் உங்களுக்கும் வர ஏற்பாடு செய்வது. பெரிய மருத்துவமனைகளில் கட்டி குறித்து எல்லாத் துறையினரும் கூடிப் பேசும் ‘டியூமர் போர்டு’ கூட்டம் வாரந்தோறும் நடக்கும். அழைப்பு வரும் என்று காத்திருக்காமல் போய் உட்காருங்கள். சின்ன மருத்துவமனையில் அப்படிக் கூட்டம் இல்லையென்றால் ஓபியில் சர்ஜனைப் பார்த்து, “சார், வியாழக்கிழமை லிஸ்ட்ல மேல்தாடை கேஸ் ஏதாவது இருக்கா? இருந்தா நாளைக்கே அளவெடுத்துடறேன்” என்று கேளுங்கள். சர்ஜனுக்கு இதில் கூடுதல் வேலை எதுவும் இல்லை. அவருடைய நோயாளி சீக்கிரம் வாயால் சாப்பிடத் தொடங்குவார் என்பது தெரிந்துவிட்டால் அடுத்த முறை அவரே உங்களைக் கூப்பிடுவார்.

அறுவைக்கு முன்பான அந்த ஒரு சந்திப்பில் முடிக்க வேண்டியவை:

• இரண்டு தாடைக்கும் அளவு. நோயாளி இயல்பாகக் கடிக்கும் நிலையையும் பதிவு செய்யுங்கள். அறுவைக்குப் பின் அந்தக் கடி திரும்பக் கிடைக்காது.

• முகத்துக்கும் வாய்க்கும் புகைப்படம், ஒப்புதல் கையெழுத்துடன்.

• எந்தப் பல் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்ற கணக்கு. பின்னால் கதிர்வீச்சு வரப்போகிறது என்றால் தேறாத பற்களை முன்பே எடுத்துவிட வேண்டும். எடுத்த புண் ஆற இரண்டு வாரமாவது வேண்டும் என்பதால் இதில் தள்ளிப்போட இடமில்லை.

• சர்ஜனோடு உட்கார்ந்து, மாதிரி அச்சின் மேலேயே வெட்டுக்கோட்டைப் பென்சிலால் வரைந்து வாங்குதல்.

சர்ஜனிடம் கேட்க வேண்டிய ஐந்து

நோயை முழுதாக எடுப்பதே முதல் கடமை. அதில் யாரும் குறுக்கிட முடியாது. அந்த எல்லைக்குள் நின்று, பின்னால் வரப்போகும் பிளேட்டுக்கு உதவும் ஐந்து விஷயங்களைக் கேட்கலாம்.

ஒன்று: எலும்பை வெட்டும்போது, மிச்சம் வைக்கும் பல்லை ஒட்டி வெட்ட வேண்டாம். அடுத்த பல்லைப் பிடுங்கி, அதன் குழியின் நடுவே வெட்டினால் மிஞ்சும் பல்லைச் சுற்றி எலும்பு இருக்கும். பிளேட்டின் பாரத்தை அதிகமாகத் தாங்கப்போவது அந்தப் பல்தான்.

இரண்டு: முடிந்தால் முன்பற்கள் இருக்கும் எலும்பைக் காப்பாற்றித் தர வேண்டும். பற்கள் ஒரே பக்கத்தில் மட்டும் மிஞ்சினால் பிளேட், ஒரு பக்கம் மட்டும் தூண் வைத்த பந்தல்போல் ஆடும். முன்பற்கள் நடுக்கோட்டைத் தாண்டி மிச்சமிருந்தால் பிடிப்புக்கு மூன்றாவது முனை கிடைக்கிறது. பற்கள் மிஞ்சிய மேல்தாடைக் குறைபாடுகளை முகமது அராமனி 1978இல் ஆறு வகையாகப் பிரித்ததும் எந்தப் பல் எங்கே மிச்சம் என்ற இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மூன்று: கன்னத்தின் உட்புறப் புண்ணில் மெல்லிய தோல் ஒட்டு வைக்க வேண்டும். ஒட்டும் இயல்பான சவ்வும் சேருமிடத்தில் ஒரு தழும்புப் பட்டை உருவாகும். பிளேட்டின் மேல்பகுதி அதன்மேல் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். ஒட்டு இல்லாத புண் சுருங்கிக்கொண்டே போகும், உரசினால் வலிக்கும்.

நான்கு: அண்ணத்தின் சவ்வைச் சற்றுத் தாராளமாக விட்டு, வெட்டிய எலும்பு விளிம்பின் மேல் மடித்துத் தைக்க வேண்டும். கூரான விளிம்பு மூடப்படும்.

ஐந்து: மூக்கின் உட்புறமுள்ள கீழ் டர்பினேட் எலும்பு ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டு நின்றால் அதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பிளேட்டுக்கு உள்ளே இடம் இருக்காது.

இந்த ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதி, கேஸ் ஷீட்டில் வைத்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை அறுவை அரங்கில் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

மூன்று பிளேட், மூன்று காலம்

முதல் பிளேட் அறுவை மேசையிலேயே பொருத்தப்படும். அறுவைக்கு முந்தைய அச்சில், சர்ஜன் வரைந்த கோட்டின்படி பற்களைச் சீவிவிட்டு அக்ரிலிக்கில் செய்வது. நிறமில்லாத அக்ரிலிக் நல்லது. எங்கே அழுத்துகிறது என்று வெளியிலிருந்தே தெரியும். விளிம்பில் முன்பே துளை போட்டு வைத்தால் கம்பியாலோ தையலாலோ கட்ட எளிது. ஓட்டைக்குள் வைத்த துணிப் பேக்கை இந்தப் பிளேட் தாங்கிப் பிடிக்கிறது. மயக்கம் தெளிந்த நோயாளி தன் குரலில் தானே பேசுகிறார். மூக்குக் குழாய் வழி உணவைப் பலருக்குச் சீக்கிரமே நிறுத்திவிடலாம். அறுத்த பக்கத்தில் கடைவாய்ப் பற்கள் வைக்காதீர்கள். புண் ஆறும் முன் அந்தப் பக்கம் கடிக்கக்கூடாது.

ஐந்து முதல் பத்து நாட்களில் பேக்கை எடுப்பார்கள். அன்று இரண்டாவது பிளேட்டின் காலம் தொடங்குகிறது. அதே பிளேட்டில் மென்மையான லைனர் சேர்த்து ஓட்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். அல்லது புதிதாகச் செய்யலாம். இந்தக் காலத்தில் புண்ணின் வடிவம் வாரத்துக்கு வாரம் மாறும். நோயாளி அடிக்கடி வருவார். லைனரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த தேதியை மூன்று மாதம் தள்ளிக் கொடுப்பதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு. பிளேட்டைச் சில நாட்கள் கழற்றி வைத்துவிட்டாலே புண் சுருங்கிக்கொள்ளும். பிறகு பிளேட் உள்ளே போகாது. ஊருக்குப் போகும் நோயாளியிடம் இதை அழுத்திச் சொல்லி அனுப்புங்கள்.

மூன்றாவது, நிலையான பிளேட். அறுவை முடிந்து மூன்று முதல் ஆறு மாதம் கழித்து, கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அதன் புண்ணெல்லாம் அடங்கிய பிறகு செய்வது. இதற்கு உலோகச் சட்டமும் பல்லைப் பிடிக்கும் கொக்கிகளும் உண்டு. ஓட்டைக்குள் போகும் குமிழைப் பொள்ளலாகச் செய்ய வேண்டும். கனம் கூடினால் பிளேட் கீழே இறங்கும். தாங்கும் பற்கள் நாளடைவில் ஆட்டம் காணும்.

அளவெடுக்கும் நாள்

பெரிய ஓட்டை உள்ள வாயில் அளவெடுப்பது வழக்கமான அளவெடுப்பு அல்ல. ஆல்ஜினேட் மேலே ஏறி, மூக்கின் வளைவுகளில் மாட்டி அறுந்து உள்ளேயே தங்கிவிடலாம். அதைத் தடுக்க, வாசலின் தடவிய துணிப் பேக்கை நூலில் கட்டி, தேவையற்ற ஆழத்தை முதலில் அடைத்துவிடுங்கள். நூலின் நுனி வாய்க்கு வெளியே இருக்க வேண்டும். அளவு வெளியே வந்ததும் துண்டு எதுவும் குறைகிறதா என்று பாருங்கள். உள்ளே டார்ச் அடித்தும் பாருங்கள்.

இன்னொரு தடை, வாய் திறக்காமை. முன்பற்களுக்கு நடுவே 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் அதைத் தாடை இறுக்கம் என்று கணக்கில் எடுக்கிறார்கள். அறுவையாலும் கதிர்வீச்சாலும் இது வரும். ஐஸ்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடித்து, நாளுக்கு நாள் கூட்டிச் செய்யும் பயிற்சியைக் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே கற்றுக்கொடுங்கள். திறப்பு மிகக் குறைவாக இருந்தால் பிளேட்டையும் குமிழையும் தனித்தனியாகச் செய்து காந்தத்தால் இணைக்கலாம். வாய்க்குள் நுழையும் சிறிய ஸ்கேனர்கள் மிஞ்சிய பற்களை அளவெடுக்க உதவும்; ஆழமான ஓட்டைக்குள் அவற்றின் பார்வை முழுதாக எட்டாது. அங்கே சிடி ஸ்கேன் தகவலிலிருந்து அச்சு மாதிரி எடுத்து, இரண்டையும் கணினியில் இணைக்கும் முறை வளர்ந்துவருகிறது. மென்பொருளில் கை பழக்குவது வேலை தேடும்போது உங்களுக்குக் கூடுதல் பலம்.

தமிழில் ஒரு பேச்சுச் சோதனை

பிளேட் பொருந்தியதா என்று பார்க்க இரண்டு சோதனைகள் போதும். தலையை நிமிர்த்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மூக்கில் வருகிறதா பாருங்கள். அடுத்து, ‘பாப்பா, தாத்தா, காக்கா, பூட்டு’ என்று சொல்லச் சொல்லுங்கள். காற்று கசிந்தால் ப என்பது மகரமாகவும், ட என்பது ணகரமாகவும் ஒலிக்கும். மூக்கின் கீழே சின்ன வாய்க் கண்ணாடியைப் பிடியுங்கள். ‘பா பா பா’ என்னும்போது ஆவி படிந்தால் எங்கோ கசிகிறது. பிறகு ‘மாமா’ என்று சொல்லச் சொல்லுங்கள். அது ‘பாபா’ போல் அடைத்து ஒலித்தால் குமிழ் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது. மூச்சு விடவும் சிரமப்படுவார். பேச்சுப் பயிற்சியாளர் மருத்துவமனையில் இருந்தால் இந்தச் சோதனையின்போது அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்த்தாடை: முதல் சில வாரங்கள்

கீழ்த்தாடையைப் பாதி எடுத்து, எலும்பு வைக்காமல் மூடியிருந்தால் நாட்களை வீணாக்கக்கூடாது. தழும்பு இறுகும் முன் தாடையை நடுவுக்குக் கொண்டுவரும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். அறுவை நடக்காத பக்கத்துக் கீழ்ப் பற்களில் பொருத்தும் பிளேட்டிலிருந்து மேல்நோக்கி ஒரு சுவர் எழும்பி, மேல் பற்களின் வெளிப்புறத்தில் உரசி, வாய் மூடும்போது தாடையைச் சரியான இடத்துக்கு வழிகாட்டும். மாதக்கணக்கில் விட்டுவிட்ட தாடையை இப்படித் திருப்புவது கடினம். அப்போது மேல் பற்களுக்கு உட்புறம் இரண்டாவது வரிசைப் பல் வைத்து, தாடை வந்து சேரும் இடத்திலேயே கடி கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்று பெரிய மையங்களில் காலிலிருந்து ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்துத் தாடையாக வைக்கிறார்கள். டேவிட் ஹிடால்கோ 1989இல் கீழ்த்தாடைக்கு இந்த முறையை வெளியிட்ட பிறகு அது உலகெங்கும் பரவியது. எலும்பு வந்துவிட்டது, இனிப் பல் வைப்பது எளிது என்று நினைக்கத் தோன்றும். இங்கேயும் முன்திட்டம்தான் எல்லாம். ஃபிபுலா, தாடை எலும்பைவிட உயரம் குறைந்தது. அதைத் தாடையின் கீழ் விளிம்போடு ஒட்டி வைத்தால் முகம் அழகாக இருக்கும். ஆனால் பல் நிற்க வேண்டிய இடம் வெகு கீழே போய்விடும். எலும்பை எங்கே, எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வைப்பது என்று கணினித் திட்டத்தின்போதே பல் இருக்க வேண்டிய இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் சர்ஜனுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இம்பிளான்ட்டைப் பற்றி ஒரு தகவல். சுவீடனின் பிரனெமார்க் 1965இல் முதன்முதலாக டைட்டானியம் இம்பிளான்ட் வைத்த நோயாளியான கோஸ்டா லார்சனுக்குப் பிறவியிலேயே அண்ணப்பிளவும் தாடைக் குறைபாடும் இருந்தன. இன்று அழகுச் சிரிப்புக்கு விளம்பரமாகும் இம்பிளான்ட், தாடைக் குறைபாடுள்ள ஒருவரின் வாயில்தான் தொடங்கியது.

கதிர்வீச்சு: மறக்கக்கூடாத கணக்கு

தாடையில் 60 கிரேக்கு மேல் கதிர்வீச்சு பட்ட இடத்தில் பின்னாளில் பல் பிடுங்குவது ஆபத்து. எலும்பின் ரத்த ஓட்டம் குறைந்துவிட்டதால் புண் ஆறாமல் எலும்பு அழியத் தொடங்கலாம். பல ஆண்டுகள் கழித்தும் இந்த ஆபத்து போகாது. நோயாளியின் கையேட்டில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்பதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊர்ப் பல் மருத்துவர் அதைப் பார்க்காமல் பல்லில் கை வைக்கக்கூடாது. எச்சில் வற்றியிருப்பதால் சொத்தை வேகமாக வரும். வாழ்நாள் முழுக்க ஃபுளோரைடு ஜெல் தேவைப்படும். இதைச் சொல்லவும் நினைவூட்டவும் பெரும்பாலும் உங்களைத் தவிர வேறு ஆள் இருக்காது.

லேபுக்கும் நாற்காலிக்கும் நடுவே

டெக்னீசியன் நோயாளியை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். அச்சில் ஓட்டை தெரியும். அந்த மனிதர் எப்படிச் சிரிப்பார் என்று தெரியாது. லேபுக்குப் போகும் சீட்டில் குமிழின் உயரம், எங்கே உரசக்கூடாது, எந்தப் பக்கம் திறப்பு குறைவு என்பதைப் படம் வரைந்து எழுதுங்கள்.

டெக்னீசியன் கவனிக்க வேண்டியவை மூன்று. அக்ரிலிக்கை அவசரமாக வேகவைக்காதீர்கள். 74 டிகிரியில் எட்டு ஒன்பது மணி நேரம் வைக்கும் நீண்ட முறையில் மிச்சமாகும் மோனோமர் குறையும். புண்ணான வாய்க்கு அது முக்கியம். இரண்டாவது, மூடிய பொள்ளல் குமிழைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள்; குமிழி வந்தால் இணைப்பில் கசிவு. கசிந்த குமிழுக்குள் எச்சில் புகுந்து நாற்றமடிக்கும். மூன்றாவது, ஓட்டைக்குள் போகும் பகுதியையும் பாலிஷ் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பகுதிதானே என்று விட்டால் அங்கேதான் அழுக்கு சேரும்.

நோயாளியிடமும் வீட்டாரிடமும்

“எல்லாம் பழையபடி ஆயிடும்” என்று சொல்லாதீர்கள், ஆகாது. “ஐயா, முதல் வாரம் கஞ்சிதான். அப்புறம் குழைஞ்ச ரசம் சாதம். இட்லி, தோசையெல்லாம் மெதுவா வரும்” என்று படிப்படியாகச் சொல்லுங்கள். நம்பிக்கை அப்படித்தான் நிற்கும். பிளேட்டைப் போடுவதையும் கழற்றுவதையும் நோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் செய்து காட்டி, உங்கள் முன்னாலேயே செய்ய வையுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கழுவ வேண்டும். தண்ணீர் நிறைத்த பாத்திரத்துக்கு மேலே பிடித்துக் கழுவினால் நழுவி விழுந்தாலும் உடையாது. புகையிலையும் பாக்கும் விட்டாயிற்றா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், அதட்டாமல் கேளுங்கள்.

வரும்போதெல்லாம் பிளேட்டைக் கழற்றி, ஓட்டையின் ஓரங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பிளேட் வைத்த வாயில் நோய் திரும்பினால் கண்ணால் பார்க்க முடியும். அதை முதலில் பார்ப்பவர் நீங்களாகவே இருக்கலாம். சந்தேகம் வந்த அன்றே சர்ஜனுக்கு அனுப்புங்கள்.

நோயாளிக்கும் பல் மருத்துவருக்குமான இந்த உறவு எவ்வளவு நீளமானது என்பதற்கு உளப்பகுப்பாய்வு அறிஞர் ஃபிராய்டைவிட நல்ல சான்று இல்லை. 1923இல் வியன்னாவில் அறுவை மருத்துவர் ஹான்ஸ் பிக்லர், புற்றுநோய்க்காக அவருடைய மேல்தாடையின் ஒரு பகுதியை அறுத்தெடுத்தார். அதன்பின் 1939இல் இறக்கும்வரை ஃபிராய்டு பிளேட்டோடுதான் வாழ்ந்தார். அவரும் வீட்டாரும் அதை ‘அரக்கன்’ என்று அழைத்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகள், முடிவில்லாத பிளேட் திருத்தங்கள். 1931இல் ஹார்வர்டைச் சேர்ந்த கஸான்ஜியனும் அவருக்குப் புதுப் பிளேட் செய்து கொடுத்தார். இத்தனைக்கும் நடுவே ஃபிராய்டு நோயாளிகளைப் பார்த்தார், எழுதினார். நாம் கொடுக்கும் பிளேட் எவ்வளவு தொல்லை தந்தாலும் அதோடு ஒருவர் பதினாறு ஆண்டு வேலை செய்யலாம். அதற்குப் பல் மருத்துவரும் அத்தனை ஆண்டு கூடவே இருக்க வேண்டும்.

வருமானமும் பதிவேடும்

இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது பெரும்பாலோருக்குக் கடினம். ஒரு ஆப்டுரேட்டருக்கு ஆகும் நேரத்தில் எத்தனையோ கிரவுன் முடித்துவிடலாம். நோயாளியோ சிகிச்சைச் செலவில் ஏற்கெனவே கடன்பட்டிருப்பார். நடைமுறையில் பலிக்கும் வழி, மருத்துவமனையிலோ கல்லூரியிலோ ஒரு பணி, மாலையில் பொதுவான பிராஸ்தோ கிளினிக். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தனியார் புற்றுநோய் மருத்துவமனைகளில் முழுநேரப் பணி கிடைக்காவிட்டால் வாரத்துக்கு இரண்டு நாள் ஆலோசகராகக் கேட்டுப் பாருங்கள், சர்ஜன்களே பரிந்துரைப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட நோயாளி என்றால், அறுவைக்கு அனுமதி கேட்கும்போதே பிளேட் செலவையும் சேர்க்க முடியுமா என்று மருத்துவமனைக் காப்பீட்டு அலுவலரிடம் பேசிவிடுங்கள். அறுவை முடிந்து கோப்பு மூடிய பின் கேட்டுப் பயனில்லை.

நேர்காணலில் உங்களுக்காகப் பேசுவது பதிவேடுதான். ஒரே நோயாளியின் அறுவைக்கு முந்தைய அச்சு, மேசையில் பொருத்திய பிளேட், இடைக்கால பிளேட், நிலையான பிளேட் என எல்லாக் கட்டமும் கொண்ட மூன்று கேஸ்கள், கடைசிக் கட்டம் மட்டும் உள்ள முப்பது கேஸைவிடக் கனமானவை. முகம் தெரியும் படங்களை ஒப்புதல் இல்லாமல் எங்கும் காட்டாதீர்கள். வாட்ஸ்அப் குழுக்களிலும் கூடாது.

முதல் மூன்று மாதத்துக்கு ஒரு திட்டம்

முதல் மாதம்: அறுவைப் பட்டியல், டியூமர் போர்டு, கதிர்வீச்சுப் பிரிவு ஆகிய மூன்று இடங்களிலும் முகம் தெரியும்படி ஆகுங்கள். இரண்டு மேல்தாடை அறுவைகளையாவது அரங்கில் நின்று பாருங்கள். எங்கே எலும்பு போகிறது, எது மிஞ்சுகிறது என்பது புத்தகத்தில் தெரியாது.

இரண்டாம் மாதம்: உங்கள் ஐந்து கோரிக்கைப் பக்கத்தை ஒரு சர்ஜனிடமாவது ஒப்புக்கொள்ள வையுங்கள். அறுவைக்கு முந்தைய அச்சில் ஒரு பிளேட்டை நீங்களே லேபில் உட்கார்ந்து செய்யுங்கள்.

மூன்றாம் மாதம்: பேச்சுப் பயிற்சியாளர், உணவு ஆலோசகர், டெக்னீசியன் மூவரையும் ஒரே நாளில் சந்திக்கும்படி நோயாளிகளுக்கு ஒரு கிழமையை ஒதுக்குங்கள். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருபவருக்கு மூன்று பயணம் ஒன்றாகும். தவணை தவறுவதும் குறையும்.

உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலோ பக்கத்துப் புற்றுநோய் மையத்திலோ இந்த வாரம் தாடை அறுவை நடக்கிறதா என்று விசாரியுங்கள். அறுவைக்கு முன் அளவெடுக்கப் பல் மருத்துவர் எவரும் வருவதில்லை என்று பதில் வந்தால், விளம்பரம் வராத ஒரு பணியிடம் அங்கே காலியாக இருக்கிறது. போய்க் கேளுங்கள்.